தர்மபுரிக்கு வாரம் மூன்று விமானம்

ஆகாயத்தில் ரோடு கிடையாது, அதனால் விமானம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நினைப்பவர்கள் யாரும் விமானக் கம்பெனியில் ரூட் பிடிக்கும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பெங்களூரில் ஒரு குட்டி விமானக் கம்பெனி இருந்தது. அதனிடம் இரண்டு பழைய விமானங்கள். ஒன்று பறக்கும். இன்னொன்று, பறக்கிறதுக்கு நட்டும் போல்ட்டும் கொடுத்து உதவும். பெரிய கம்பெனிகள் போகாத சின்ன ஊர்களுக்கெல்லாம் நாம் போகலாமே என்று முதலாளிக்கு ஓர் ஆசை வந்து, பெங்களூர், தர்மபுரி, சேலம் என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார். அந்தக் கோட்டின் நடுவில், பி.ஏ. படித்துவிட்டு வேலையில்லாமல் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், 'டிராபிக் சர்வே அசிஸ்டென்ட்' ஆனேன். தற்காலிக வேலை. ரூட் வந்தால் நான் தர்மபுரி ஸ்டேஷன் ஆபீசர், நிரந்தரம். வராவிட்டால் மறுபடியும் அக்கா வீடு.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பாலக்கோடு ரோட்டில் சவரியார்கொட்டாய் என்ற ஊர். பெண் ரோசலி. அவள் அப்பா லூர்துசாமி, ஊர் ஏரியை நம்பிக் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, ஏரி வறண்டுபோனதால் வருஷக்கணக்கில் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். நாங்கள் கத்தோலிக்கர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. லூர்துசாமியின் கண்ணுக்கு என் தற்காலிக உத்தியோகமே பெரிய தடையாகத் தெரிந்தது. "ப்ளேன் வந்து எறங்கட்டுங்க. உத்தியோகம் நெரந்தரம் ஆகட்டும். அந்த ஞாயித்துக்கெழமயே மொத ஓலைய வாசிச்சுப்புடலாம்" என்று சொல்லிவிட்டார். ஆக, ஊரில் எல்லாருக்கும் கல்யாணம் மேளத்தோடு வரும், எனக்கு விமானத்தில் வந்து இறங்க வேண்டும்.

ஜனத்தொகைக் கணக்கெடுத்த வாத்தியார்களே, இன்சூரன்ஸ் ஏஜென்டுகளே, வீடு வீடாகப் படியேறிக் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கிய சகல அன்பர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், ஆட்சேபணை இல்லை.

மேலே செல்ல விருப்பமா?

ரூட் பிடிப்பதில் முதல் வேலை, பறக்கிற ஆசை யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்பது. கேள்விகளைப் பெங்களூர் ஆபீசில் ஆங்கிலத்தில் தயாரித்து, தனக்குத் தமிழ் தெரியும் என்று தைரியமாகச் சொன்ன ஒருவரை வைத்து மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள். முதல் கேள்வி: 'தாங்கள் மேலே செல்ல விருப்பமா?' அடுத்தது: 'ஆம் எனில், வருடத்துக்கு எத்தனை முறை?' அதற்கடுத்தது: 'தனியாகவா, குடும்பத்துடனா?' கடைசியாக: 'எந்தக் கிழமை வசதிப்படும்?'

நான் என்ன கண்டேன்? எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும் என்பது உத்தரவு. பென்னாகரம் கடைத்தெருவில் ஒரு தானியக் கடைப் பெரியவரிடம் போய், பயபக்தியோடு நாலையும் வரிசையாகப் படித்துவிட்டேன். 'குடும்பத்துடனா' என்று நான் கேட்டதுமே உள்ளேயிருந்து அவர் சம்சாரம் முறத்தோடு வெளியே வந்துவிட்டார். விளக்குமாறு கைக்கு எட்டவில்லை போலிருக்கிறது. ஏரோப்ளேன் சமாசாரம் என்று நான் தெளிவுபடுத்துவதற்குள் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தேன். பெரியவர் மட்டும் கோபப்படவில்லை. கல்லாவை விட்டு எழுந்திருக்காமல், நிதானமாக எல்லாக் கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னார்: "போறது ஒருக்காதாங்க. தனியாத்தான் போவணும். ஆனா கெழமைய இப்பவே சொல்லுன்னா எப்புடிங்க?"

நிற்காத வண்டி

எங்கள் மேனேஜர் காமத் பெங்களூரில் இருந்துகொண்டு அடிக்கடி வந்து போவார். கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் பிசைந்து, மேலாகக் கொஞ்சம் தமிழைத் தூவிப் பேசுவார். அவருடைய சித்தாந்தம், இன்று பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிறவன்தான் நாளைக்கு நம் விமானத்தில் ஏறுவான் என்பது. ஆகவே பஸ் ஸ்டாண்டில் நின்று ஆளைப் பிடி என்றார். 'நடுவில் எங்கும் நிற்காது' என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டுமாம். விமானத்தின் பெருமையே அதுதானாம்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் இடுப்பில் பிள்ளையோடும் கையில் தூக்குப்போசியோடும் பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அண்ணன் வூடு அங்கே இருக்கிறதாம். நான் காமத் சொன்னபடி பெருமையை அவிழ்த்தேன். அந்த அம்மாள் உற்றுக் கேட்டார்.

"காரிமங்கலத்துல நிக்குங்களா?"

"நிக்காதுங்கம்மா."

"காவேரிப்பட்டணம்?"

"அங்கயும் நிக்காது."

"கிருஷ்ணகிரில டீ குடிக்கவாச்சும்?"

"எங்கயுமே நிக்காதுங்கம்மா, நேரா பெங்களூருதான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அந்த அம்மாள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமே இல்லை, இரக்கம். "அய்யோ பாவமே, பிரேக்கு இல்லாத வண்டிய எதுக்குங்க ஓட்டறீங்க?" என்றார்.

சூலம்

ரூட்டுக்கு அடுத்தது நடை. வாரத்துக்கு எத்தனை நடை விடுவது என்பதில் கம்பெனிகள் தலையை உடைத்துக்கொள்ளும். வாரம் ஒன்று என்றால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். தினசரி என்றால் காலியாகப் பறக்கும். வாரம் மூன்று என்பது காமத்தின் முடிவு: செவ்வாய், வியாழன், சனி. மற்ற நாளில் விமானத்துக்கு வேறு சவாரி இருந்தது.

நான் இந்தக் கிழமைகளை எடுத்துக்கொண்டு கடத்தூரிலும் பாலக்கோட்டிலும் சுற்றி வந்தேன். கிழமைக்கு ஒரு திசையில் சூலம் இருக்கும், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது என்பது ஊரறிந்த சங்கதி. எங்களுக்குப் பெங்களூர் வடக்கு. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், ஆகவே கிளம்ப முடியாது. வியாழன் தெற்கே சூலம். போகலாம், திரும்பி வர முடியாது. சனிக்கிழமை புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். போகட்டும், வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்றால் அன்றைக்குக் காசை வெளியே கொடுக்க மாட்டார்கள், டிக்கெட் எப்படி விற்கும்?

நல்லவேளை, நம் ஜனங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று லூர்துசாமியிடம் போனேன். "அதானே! நாம வேதக்காரங்க. நமக்கு ஏது சூலமும் கீலமும்" என்று அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா செவ்வாக்கெழம மட்டும் வேண்டாங்க" என்றார். ஏன் என்றேன். அந்தோணியாருக்கு உகந்த நாளாம், அன்றைக்கு வூட்டை விட்டுக் கிளம்பினால் அவர் மனவருத்தப்படுவாராம். சரி, வியாழன் என்றேன். கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "வெசாழக்கெழம தாராளமா போலாம். ஆனா திரும்பி வர்றப்ப தெக்கால பாத்து எறங்காம, கொஞ்சம் சுத்திக்கிட்டு வேற பக்கமா வந்து எறங்கச் சொல்லுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

பாலும் தைலமும்

இதையெல்லாம் காமத்திடம் சொல்ல வேண்டியிருந்தது. திட்டுவார் என்று பயந்தேன். அவரோ துள்ளிக் குதித்தார். சூலத்துக்குப் பரிகாரம் உண்டா என்று கேட்டார். உண்டு, வடக்கே சூலம் என்றால் கிளம்பும்போது பால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். அவ்வளவுதான். "செவ்வாய்க்கிழமை எல்லா பேசஞ்சருக்கும் ஹாலு! ஃப்ரீ!" என்று மேசையைத் தட்டினார். ஹாலு என்றால் கன்னடத்தில் பால். உலகத்திலேயே எந்தக் கம்பெனிக்கும் தோன்றாத உபசாரம் என்று பூரித்துப்போனார். விளம்பரத்துக்குக்கூட ஒரு வாசகம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். வியாழக்கிழமைக்கு என்ன பரிகாரம் என்று அவர் கேட்டபோது, தைலம் என்று சொல்லித் தொலைத்தேன். காமத் உட்கார்ந்துவிட்டார். எங்கள் விமானத்தில் பணிப்பெண்ணெல்லாம் கிடையாது. பைலட்டும் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரும், அவ்வளவுதான். தைலத்தை யார் தடவுவது? பைலட் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், மீசை வைத்தவர். அவர் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்துப் பார்க்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை. கடைசியில் பாலும் வேண்டாம் தைலமும் வேண்டாம் என்று, வடக்கேயும் தெற்கேயும் சூலம் இல்லாத திங்கட்கிழமைக்கு இருந்த வேறு சவாரியை மாற்றிவைத்தார்; வாரம் மூன்று நடை என்பது அன்றைக்கு ஒரே நடையாகச் சுருங்கியது. அதிலும் ராகுகாலம் ஒன்பது மணிக்கு முடியும், பத்தரைக்கு எமகண்டம் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் விமானம் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, கிளம்பிவிட வேண்டும். காமத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏனப்பா, உங்க ஊருக்குப் பறக்கறது ஈஸி. உங்க ஊர்ல இருந்து கெளம்பறதுதான் கஷ்டம்!"

கழிவு

சின்ன விமானத்தில் ஆளையும் எடை போட வேண்டும். எத்தனை பேர் என்பதைவிட எத்தனை கிலோ என்பதுதான் அங்கே முக்கியம். வெள்ளோட்டத்துக்கு ஒப்புக்கொண்டவர்களை முன்கூட்டியே நிறுத்து எழுதி அனுப்பு என்று உத்தரவு வந்தது. தர்மபுரி ஆபீஸ் என்பது ஒரு மேசையும் நானும்தான். தராசுக்கு எங்கே போவது? பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்த சின்னசாமி, தானும் பறக்க ஒப்புக்கொண்டவர், தன் மண்டித் தராசையே தருவதாகச் சொன்னார்.

அன்றைக்குச் சந்தை. தக்காளிக் கூடைகள் ஒரு பக்கம், வேட்டி கட்டிய பயணிகள் ஒரு பக்கம். கூடை ஒன்று ஏறும், ஆள் ஒருவர் ஏறுவார். நிறுக்கிறவர் இரண்டுக்கும் ஒரே ராகத்தில் கத்தினார், நான் எழுதிக்கொண்டேன். எனக்கென்னவோ சந்தேகம். சின்னசாமி கனத்த சரீரம், பார்த்தாலே தெரியும். எடையோ நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது. மறுபடி ஏறச் சொல்லி முள்ளை நானே பார்த்தேன். நிறுக்கிறவர் சொன்னதைவிட முள் கூடுதலாகக் காட்டியது. அழுகல், காம்பு, கூடை எல்லாவற்றுக்கும் சேர்த்து மண்டியில் எடையைக் குறைத்துப் போடுவது வழக்கம், அந்தப் பழக்கத்தில் மனிதர்களுக்கும் குறைத்துவிட்டார். இப்படிக் கணக்குக் கொடுத்தால் விமானம் தரையை விட்டு எழும்பாதே என்று நான் பதறினேன். சின்னசாமிக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. தராசை விட்டு இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன சார் பெருசா? யாரு ஏறினாலும் ரெண்டு கிலோ கழிவு போட்டாத்தான் மண்டிக்கு மரியாத" என்றார்.

சமதரை

விமானம் இறங்க நீளமான சமதரை வேண்டும். மரம் கூடாது, கம்பம் கூடாது, பாறை கூடவே கூடாது. தர்மபுரி ஜில்லாவில் பாறை இல்லாத இடத்துக்கு எங்கே போக? கம்பெனி எஞ்சினீயரும் காமத்தும் நானும் ஒரு ஜீப்பில் சுற்றினோம். எஞ்சினீயர் நல்ல இடம் என்று கை காட்டினால் அதன் நடுவில் ஒரு குண்டுக்கல் யாரையோ எதிர்பார்த்துக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும். கடைசியில் சவரியார்கொட்டாய் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினீயர் இறங்கியவர், அப்படியே நின்றுவிட்டார். ஏரி சொட்டுத் தண்ணீர் இல்லாமல், வெடித்து, இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "பியூட்டிஃபுல்!" என்றார். பெண் வீட்டு ஊரிலேயே விமான நிலையம்! எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது.

பஞ்சாயத்துத் தலைவர் மாதப்பன் வந்தார். ஆடு மேய்கிற நேரம் போக மற்ற நேரத்தில் தாராளமாக இறங்கிக்கொள்ளலாம் என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார். காமத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். இது ஏரியாச்சே, தண்ணீர் வராதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். மாதப்பன் ஆகாயத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், காமத்தின் ஷூவைப் பார்த்தார். கூட நின்ற குடியானவர்கள் சிரித்தார்கள், சந்தோஷமான சிரிப்பு இல்லை. மாதப்பன் சொன்னார்: "தண்ணி வர்றதா இருந்தா, கூலி வேலைக்குன்னு நாங்க ஏன் சார் பெங்களூருக்கு ஓடறோம்?"

ஒற்றைக் கால்

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பைலட்டுக்குக் காட்ட, ஏரிக்குள் ஓரமாக ஒரு கம்பம் நட்டு அதன் நுனியில் ஒரு துணிப்பை கட்ட வேண்டும். நீளமாக, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும், இரண்டு பக்கமும் திறந்தபடி இருக்கும். அளவு எழுதி அனுப்பியிருந்தார்கள். கடத்தூரில் ஒரு தையற்காரரிடம் ஆரஞ்சுத் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

சொன்ன நாளில் போய் வாங்கிக்கொண்டேன். தையல் பிரமாதம். அடியில் மடித்துத் தைத்து, மேலே நாடா கோக்கக் குழாய் விட்டு, பக்கத்தில் ஒரு பாக்கெட்டும் வைத்திருந்தார். பாக்கெட் எதற்கு என்று புரியவில்லை, இருந்தாலும் கூலியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் மெஷினை விட்டு எழுந்து வாசல் வரைக்கும் வந்து, ரொம்ப நேரமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்: "ஏங்க சார், இன்னொரு காலுக்குத் துணி எப்பங்க குடுத்து அனுப்புவீங்க?"

வெள்ளோட்டம்

திங்கட்கிழமை வெள்ளோட்டம். சனிக்கிழமை மத்தியானம் மேற்கே ஒரு மேகம் வந்து நின்றது. சும்மா வந்திருக்கிறது, போய்விடும் என்றார்கள். அது போகவில்லை. சாயந்தரம் பிடித்த மழை ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊற்றியது. கோயிலில் சாமியார் பிரசங்கத்தையே விட்டுவிட்டு மழைக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். ஜனங்கள் நனைந்த தலையோடு கண்ணீர் விட்டுப் பாடினார்கள். நானும் பாடினேன். என் வாய்தான் பாடியது. மனசுக்குள், ஆண்டவரே, பாலக்கோட்டில் பெய்யக் கூடாதா, பென்னாகரத்தில் பெய்யக் கூடாதா, என் விமான நிலையத்தில்தானா பெய்ய வேண்டும் என்று ஒரே புலம்பல். பூசை முடிந்ததும் தந்தி கொடுக்க ஓடினேன். மழையில் கம்பி அறுந்து கிடக்கிறது, தந்தி போகாது என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் மழை விட்டு வெயிலடித்தது. ஏரி ததும்பி நின்றது. தண்ணீருக்கு மேலே கம்பத்தின் நுனியில் ஆரஞ்சுப் பை மட்டும், பாக்கெட்டோடு, ஆடிக்கொண்டிருந்தது. கரை முழுக்க ஜனக்கூட்டம். மாதப்பனும் சின்னசாமியும் சலவை வேட்டியில் வந்திருந்தார்கள். ராகுகாலம் முடிந்ததோ இல்லையோ, வடக்கே சத்தம் கேட்டது. என் கல்யாணம் வந்துகொண்டிருந்தது.

நான் கரைமேல் ஓடி ஓடிக் குடையை ஆட்டினேன், போ போ என்று. அதைப் பார்த்த கூட்டம், இதுதான் வரவேற்கும் முறை போலிருக்கிறது என்று நினைத்து, துண்டு, குடை, முந்தானை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆட்டியது. விமானம் தாழ வந்தது. கண்ணாடிக்குள் பைலட்டின் மீசையும் அதற்குப் பின்னால் காமத்தின் வாயும் தெரிந்தன. வாய் திறந்திருந்தது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது, தலையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். ரோசலி. அதுவரை என்னோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசாதவள், கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, அது போன திசையையே பார்த்தபடி சொன்னாள்: "நம்மளப் பாக்கத்தானே வந்துச்சு? நல்லாத்தான் பாத்துட்டுப் போவுது, வுடுங்க."

ரூட் இல்லை

தந்திக் கம்பியைச் சரிசெய்ததும் பெங்களூரிலிருந்து முதல் தந்தி எனக்குத்தான் வந்தது. 'இறங்குமிடத்தைக் காணோம். உடனே கண்டுபிடிக்கவும்.' நான் பதில் கொடுத்தேன்: 'இறங்குமிடம் அங்கேயே உள்ளது. தண்ணீர் மேலே உள்ளது.' இரண்டு நாள் கழித்து காமத் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. வேறு சமதரை பார்த்துக்கொள்ளலாம், பயணிகள் பட்டியல்தான் கையில் இருக்கிறதே என்றார்.

அந்தப் பட்டியலோடு வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லாரும் வயலில் நின்றார்கள். மாதப்பன் வரப்பில் நின்றபடியே, இனிமேல் அறுப்பு முடிகிற வரைக்கும் பெங்களூர் பேச்சையே எடுக்காதீர்கள் என்றார். கூலிக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் இங்கேயே உழவுக்கு ஆள் போதவில்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். காமத்தின் ஷூ இரண்டும் சேற்றில் போய்விட்டன. பஸ் ஸ்டாண்டில் வெறுங்காலோடு டீ குடித்துக்கொண்டே, என் தோளில் கை வைத்தார். நல்ல மனுஷர், அவருக்கும் வருத்தம்தான். "ஏனப்பா, மழை இல்லேன்னா பேசஞ்சர் இருக்கான், கையில காசு இல்ல. மழை வந்தா காசு வரும், பேசஞ்சர் இல்ல, ரன்வேயும் இல்ல. இது ரூட்டே இல்லப்பா, பூரா விவசாயம்!" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வேலை போன மாப்பிள்ளை

வேலை போன சேதியைப் பெண் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே. யாரையாவது அனுப்பலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு மானம் கெட்டாலும் நேரிலேயே கெடட்டும் என்று போனேன். வீட்டில் அவர் இல்லை, வயலுக்குப் போகச் சொன்னார்கள். லூர்துசாமி நாற்று விடுவதற்காக முழங்கால் சேற்றில் சேடை உழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினார். நான் வரப்பில் நின்று, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். விமானம் வராது, உத்தியோகம் கிடையாது, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். கடைசியாகச் சொன்னது பொய். தப்பாகத்தான் நினைத்திருப்பேன்.

மடையிலிருந்து தண்ணீர் வயலுக்குள் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. லூர்துசாமி அதைப் பார்த்தார். முகமெல்லாம் சேறு, அதற்குள்ளிருந்து பல் தெரிந்தது. "வேற எடமா? நீங்க வந்து ஏரில கம்பம் நட்டீங்க, ஏரி ரொம்பிப்போச்சு. இந்த மாதிரி மாப்பிள்ளைய எவன் வுடுவான்? சாமியார்கிட்ட நேத்தே பேசிட்டேன், வர்ற ஞாயித்துக்கெழம ஓலை" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மாட்டைத் திருப்பி ஓட்டத் தொடங்கியவர், என்னவோ ஞாபகம் வந்து மறுபடி நிறுத்தினார். மாமனார் ஆகப்போகிறவர், என்னிடம் கேட்ட சீதனம் அது ஒன்றுதான்: "ஆனா மாப்ள, வர்ற வருசமும் வானம் ஏமாத்துச்சுன்னா, வேற ஒரு ஏரோப்ளேன் கம்பெனியப் புடிச்சு ஒருக்கா சர்வேக்குக் கூட்டியாந்துருங்க!"

அதற்கப்புறம் கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ரோசலியோடு எந்த ஊருக்குப் போனாலும் கை காட்டினால் நிற்கிற பஸ்ஸிலேயே போய் வருகிற நான், இன்று வரைக்கும் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை என்பதைத் தொழில்முறை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.